.32 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர்: யார் இந்த ஜான் பிரவுனிங்?

வட சென்னை எம்.கே.பி. நகரில் ஒருவர் நகைக்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரவு கடையை அடைத்துவிட்டுப் பணத்தோடு வீடு திரும்புகிறார். பயமா இருக்கு. தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி உரிமம் வாங்கலாம் என்று முடிவு செய்கிறார். மாநகரக் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும், காவல் துறை விசாரிக்கும், பயிற்சிச் சான்று கேட்பார்கள். இதெல்லாம் தாண்டி உரிமம் கைக்கு வந்தால், அடுத்த கேள்வி வரும்: எந்தக் காலிபர்?

சினிமாவிலும் வீடியோ கேமிலும் பார்த்த 9 மி.மீ. பிஸ்டல் அவருக்குக் கிடைக்காது. அது தடை செய்யப்பட்ட ரகம். இந்தியாவில் சாதாரணக் குடிமகன் வாங்கும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பாயின்ட் 32. அதற்கும் கீழே பாயின்ட் 22 இருக்கிறது.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின், அதாவது அதில் போகும் குண்டின், விட்டம். .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு, சுமார் 8 மி.மீ. ஆனால், ஏன் 32? 30 ஏன் இல்லை, 40 ஏன் இல்லை? யாராவது ஆராய்ச்சி செய்து, தற்காப்புக்கு இதுதான் சரியான அளவு என்று கண்டுபிடித்தார்களா?

இல்லை. இன்று .32 பிஸ்டலில் போடும் தோட்டாவை வடிவமைத்தவர், அமெரிக்காவின் ஒரு சிற்றூரில் அப்பாவின் பட்டறையில் தொழில் கற்ற ஒருவர். பெயர் ஜான் மோசஸ் பிரவுனிங். .25, .32, .380, .45 என்று உலகம் இன்றும் வாங்கி விற்கும் பிஸ்டல் தோட்டாக்களில் நான்கு அவர் கையில் பிறந்தவை. அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், காலிபர் சண்டையில் எது நிஜம், எது கதை என்பதும் புரிந்துவிடும்.

பழைய இரும்பில் முதல் துப்பாக்கி

பிரவுனிங் பிறந்தது 1855 ஜனவரி 23. ஊர், அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன். அப்பா ஜோனதன் பிரவுனிங் துப்பாக்கி செய்பவர். மோர்மன் சமயத்தைச் சேர்ந்தவர். அந்தக் கால மோர்மன் வழக்கப்படி அவருக்கு 3 மனைவிகள், 22 பிள்ளைகள். அதில் ஒருவர்தான் ஜான்.

பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது கொஞ்சம். பட்டறையில் கற்றதுதான் அதிகம். சுமார் 10 வயதில், தூக்கிப் போட்டிருந்த பழைய குழல் ஒன்றை எடுத்து, ஒரு கட்டையில் பொருத்தி, தம்பி மேட்டோடு சேர்ந்து காட்டுக்கோழி சுட்டுக்கொண்டு வந்தார். அப்பா பாராட்டவில்லை. இவ்வளவு வயசாகியும் இதைவிட நல்லதாகச் செய்யத் தெரியாதா என்கிற மாதிரிதான் அவர் பேசினாராம். பையன் அதை மறக்கவே இல்லை.

1879-ல் அவருக்குத் திருமணம் ஆனது. அதே ஆண்டு அப்பா இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் முதல் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடும் எளிமையான ரைஃபிள் அது. சகோதரர்கள் சேர்ந்து ஆக்டனில் சிறிய தொழிற்கூடம் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு மூன்று துப்பாக்கி தேறினால் பெரிய விஷயம்.

அந்த ரைஃபிளில் ஒன்று எப்படியோ கிழக்குக் கரைக்குப் போய், வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. 1883-ல் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் பென்னட் ரயில் ஏறி ஆக்டனுக்கே வந்தார். 8,000 டாலருக்கு அந்த வடிவமைப்பை வாங்கிக்கொண்டு போனார். 28 வயது இளைஞனுக்கு அன்று அது பெரிய தொகை.

வாங்கி, பூட்டி வைத்தார்கள்

அடுத்த 19 ஆண்டுகளில் பிரவுனிங்கின் வடிவமைப்புகளை வின்செஸ்டர் வரிசையாக வாங்கியது. எண்ணிக்கை 40-ஐத் தாண்டும். ஆனால், அதில் பல தயாரிப்புக்கே போகவில்லை. போட்டி நிறுவனத்தின் கைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்தார்கள். இன்று பெரிய டெக் நிறுவனங்கள் சின்ன ஸ்டார்ட்அப்பை வாங்கி மூடுவது போலத்தான்.

நடுவில் 1887-ல் அவர் வேலையை அப்படியே விட்டுவிட்டு, சமயப் பணிக்காக இரண்டு ஆண்டுகள் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனார். அங்கே ஒரு கடைக் கண்ணாடிக்குள் தான் வடிவமைத்த துப்பாக்கியே விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தார் என்றும், இதைச் செய்தவர் இவர்தான் என்று கூட வந்தவர் சொன்னதைக் கடைக்காரர் நம்பவில்லை என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதையின் நுணுக்கங்கள் எப்படியோ, அவர் முகம் யாருக்கும் தெரியாது என்பது மட்டும் உண்மை. கடைசிவரை அவர் அப்படித்தான் இருந்தார்.

புல் சாய்ந்தது, யோசனை பிறந்தது

1889-ல் ஊர் திரும்பிய பிறகு நடந்த ஒரு சின்ன விஷயம் துப்பாக்கிகளின் வரலாற்றையே மாற்றியது. ஒரு சுடும் போட்டியில், சுடும்போதெல்லாம் குழலின் முன்னால் இருந்த நாணல்கள் படபடவென்று சாய்வதைப் பார்த்தார். எல்லோரும் பார்த்ததுதான். ஆனால், அவருக்கு மட்டும் ஒரு கேள்வி வந்தது. குண்டுக்குப் பின்னால் வெளியேறும் வாயுவுக்கு இவ்வளவு வேகம் இருந்தால், அது வீணாகத்தானே போகிறது? அந்த வேகத்தையே பிடித்து, காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்ற வைத்தால் என்ன?

அன்றே போட்டியை விட்டு வீட்டுக்குப் போய் பட்டறையில் உட்கார்ந்தார். ஓர் அடுத்த நாளிலேயே செய்து பார்க்கும் அளவுக்கு ஒரு மாதிரி தயாராகிவிட்டது. அந்த வழி நேராக இயந்திரத் துப்பாக்கிக்குப் போனது. கோல்ட் நிறுவனம் அதை 1895 மாடலாகத் தயாரித்தது.

அதே கேள்வியை அவர் அடுத்து கைத்துப்பாக்கியிடம் கேட்டார். அதுவரை கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவால்வர்தான். ஆறு அறைகள் கொண்ட உருளை சுற்றும். பிரவுனிங் அதன் இடத்தில், குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் 'ஸ்லைடு' ஒன்றை வைத்தார். தோட்டாக்கள் கைப்பிடிக்குள். இன்று நீங்கள் எந்தப் பிஸ்டல் படத்தைப் பார்த்தாலும் மேலே ஓடும் அந்த இரும்புப் பகுதி அவருடைய யோசனையின் வாரிசுதான்.

.32 ஏன் இவ்வளவு சின்னது?

1897-ல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தின் ஆள் ஒருவர், ஹார்ட் பெர்க், அமெரிக்கா வந்தார். வந்தது சைக்கிள் தொழில் நுட்பத்தைப் பார்க்க. திரும்பியது பிரவுனிங்கின் சின்ன பிஸ்டலோடு. லியேழ் நகரத்தை ஒட்டிய எர்ஸ்டாலில் எஃப்.என். தொழிற்சாலை. 1900 மாடல் என்ற பெயரில் அந்தப் பிஸ்டல் அங்கே தயாரானது. அதற்காக பிரவுனிங் வடிவமைத்த தோட்டாதான் 7.65 மி.மீ. பிரவுனிங். அமெரிக்கர்கள் அதையே .32 ஆட்டோ என்றார்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கு. அந்தத் தோட்டா சின்னதாக இருந்ததற்குக் காரணம் மனித உடல் இல்லை, எந்திரம்.

சுடும்போது வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது. அதே நேரம் காலி உறையைப் பின்னால் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை பின்பக்கம் திறக்கக் கூடாது. திறந்தால் சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து. இதற்குப் பூட்டு வைக்கலாம். ஆனால் துப்பாக்கி பெரிதாகும், விலை ஏறும். பிரவுனிங் பூட்டே வைக்கவில்லை. ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் அந்தக் கணநேரம் தாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டார். ஸ்லைடு சட்டைப்பைக்குள் போகும் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும் என்றால், தோட்டாவும் மென்மையாகத்தான் இருந்தாக வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டு வந்ததுதான் .32. குண்டின் எடை சுமார் 4.6 கிராம்.

அதாவது, ஓர் ஆளைத் தடுத்து நிறுத்த எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலாக .32 பிறக்கவில்லை. பையில் வைத்துக்கொள்ளும் எளிய பிஸ்டல் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது.

பிஸ்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஐரோப்பாவில் காவல் துறைகள் வாங்கின, கடைக்காரர்கள் வாங்கினார்கள். பிரெஞ்சு மொழியில் பிரவுனிங் என்றாலே பிஸ்டல் என்று அர்த்தமாகிவிட்டது. நம்ம ஊரில் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்கிறோமே, அது மாதிரி. பிறகு இன்னும் சின்னதாக .25, கொஞ்சம் பெரிதாக 1908-ல் .380 வந்தன.

1902-ல் வின்செஸ்டருடன் உறவு முறிந்தது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன் ஒன்றை அவர் கொண்டுபோனார். இந்த முறை மொத்த விலை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்றார். வின்செஸ்டர் மறுத்தது. ரெமிங்டன் நிறுவனத்துக்குப் போனார். தலைவரைப் பார்க்க வெளியே காத்திருக்கும்போதே, அந்தத் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோன செய்தி வந்தது. பிரவுனிங் நேராகக் கப்பல் ஏறி பெல்ஜியம் போனார். அதன் பிறகு வாழ்நாளில் பாதி அட்லாண்டிக் கடல் பயணத்திலும் லியேழிலும்தான் கழிந்தது.

அவர் பெயர் மணியாச்சிக்கு வந்த நாள்

பிரவுனிங் தமிழ்நாட்டுக்கு வந்ததில்லை. அவருடைய பிஸ்டல் வந்தது.

1911 ஜூன் 17. திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானல் போவதற்காக ரயிலில் மணியாச்சி சந்திப்பில் இருந்தார். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். பிறகு நடைமேடையில் இருந்த கழிப்பறைக்குள் ஓடி, தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல்.

அன்று இந்தியர் ஒருவர் சட்டப்படி அதை வைத்திருக்க வழியே குறைவு. 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. வாஞ்சிக்குப் புதுச்சேரியில் சுடும் பயிற்சி கொடுத்தவர் வ.வே.சு. ஐயர் என்று சொல்லப்படுகிறது. அதே புதுச்சேரியில் அப்போது தங்கியிருந்த பாரதியையும் சென்னை மாகாண போலீஸ் விடாமல் கண்காணித்தது. எம்.கே.பி. நகர் என்ற மூன்று எழுத்தை விரித்தால் மகாகவி பாரதி நகர்தான்.

.45: பயத்தில் பிறந்த எண்

சின்ன குண்டு போதாது என்ற வாதமும் பிரவுனிங் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் பிலிப்பைன்ஸில் சண்டையிட்டது. அங்கே மோரோ போராளிகள் .38 ரிவால்வர் குண்டு பட்ட பிறகும் வாளோடு ஓடி வந்தார்கள் என்ற செய்திகள் ராணுவத்தை உலுக்கின.

1904-ல் தாம்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் பல காலிபர்களைச் சோதித்தார்கள். சோதனைக் களம், சிகாகோவின் இறைச்சிக்கூடம். கால்நடைகள் மீதும் இறந்த மனித உடல்கள் மீதும் சுட்டுப் பார்த்தார்கள். இன்றைய அளவுகோலில் அதை அறிவியல் என்று சொல்வதே கஷ்டம். ஆனால் .45-க்குக் குறையக் கூடாது என்பது அவர்களின் முடிவு.

பிரவுனிங் .45 தோட்டாவையும் அதற்கான பிஸ்டலையும் செய்தார். குண்டு 15 கிராம்; .32-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். இதற்கு வெறும் ஸ்லைடு எடை போதாது. குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் போய், பிறகு குழல் கீழே சாய்ந்து விடுபடும் அமைப்பை வைத்தார். 1911 மார்ச் சோதனையில் ஒரே பிஸ்டல் 6,000 முறை சுடப்பட்டது. சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒரு தடவைகூட சிக்கவில்லை. அந்த மாதம் 29-ம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. மணியாச்சிக்கு இரண்டரை மாதம் முன்பு.

சின்ன குண்டுகள், பெரிய மரணங்கள்

பெரியதுதான் கொல்லும் என்றால் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

1914 ஜூன் 28. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவியையும் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டார். இரண்டே குண்டு. பிஸ்டல், எஃப்.என். தயாரித்த பிரவுனிங் 1910 மாடல். தோட்டா .380. முதல் உலகப் போர் அங்கே தொடங்கியது.

1948 ஜனவரி 30. டெல்லியில் காந்தியைக் கொன்றது இத்தாலியின் பெரெட்டா பிஸ்டல். ஆனால் அதில் இருந்த தோட்டா, பிரவுனிங் 1908-ல் உலகுக்குக் கொடுத்த அதே .380. அவர் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு.

இதற்கு நேர் எதிராக ஒரு சம்பவம் சென்னையிலேயே நடந்தது. 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஆர். ராதா, எம்.ஜி.ஆரை ரிவால்வரால் சுட்டார். ஒரே அறை, கைக்கெட்டும் தூரம். எம்.ஜி.ஆருக்குக் காதின் அருகே குண்டு பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதா மீதும் குண்டுகள் பாய்ந்தன. இருவருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மாறியது. ஆனால் 10 ஆண்டுகளில் முதலமைச்சர் ஆனார். ராதா சிறை சென்று திரும்பி, மறுபடி நடித்தார். அந்தத் தோட்டாக்கள் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி வைக்கப்பட்டவை, அதனால் வீரியம் இழந்திருந்தன என்பது அந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும் விஷயம்.

துப்பாக்கியின் மீது பொறித்த எண் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, தோட்டா எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை நிமிடத்தில் ஆஸ்பத்திரி... இவையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஒரு குண்டு சுமந்து செல்லும் ஆற்றலை ஜூல் என்ற அலகில் சொல்வார்கள். தோராயமாக:

- .25 : 85 ஜூல்
- .32 (பிஸ்டல்) : 170 ஜூல்
- .380 : 265 ஜூல்
- 9 மி.மீ. : 480 ஜூல்
- .45 : 480 ஜூல்

இதைப் பார்த்து .32 பாதிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால், மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலே கிட்டத்தட்ட 158 ஜூல். பேட்ஸ்மேன் அதை விலாவில் வாங்கிக்கொண்டு அடுத்த பந்தை ஆடுகிறார். பந்து உடலுக்குள் போவதில்லை, குண்டு போகிறது. ஆக, ஆற்றல் கணக்கு மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

1986-ல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தனர். 9 மி.மீ. குண்டு ஒன்று குற்றவாளியின் உடலில் போதிய ஆழம் போகவில்லை என்று சொல்லி, எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ.க்கும் பிறகு .40-க்கும் மாறியது. சுமார் 30 ஆண்டுகள் கழித்து மறுபடி 9 மி.மீ.க்கே வந்து சேர்ந்தது. காரணம் எளிமை: நவீன குண்டுகளில் இந்தக் காலிபர்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பின்னுதைப்பு குறைவாக இருக்கும் துப்பாக்கியில் அதிகாரிகள் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள். பயிற்சி பெற்ற காவலர்களே நெருக்கடியில் சுடும் குண்டுகளில் பல குறி தவறுகின்றன.

சுருக்கமா சொன்னால், குண்டு போதிய ஆழம் போக வேண்டும். சுடுகிறவரால் அந்தத் துப்பாக்கியைக் கட்டுப்படுத்த முடிய வேண்டும். இந்த இரண்டுக்குப் பிறகுதான் விட்டம்.

கடைசி பிஸ்டலை அவர் முடிக்கவில்லை

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, பிரவுனிங் தன் இயந்திரத் துப்பாக்கிகளுக்கான உரிமையை அரசுக்கு 7.5 லட்சம் டாலருக்குக் கொடுத்தார். ராயல்டி கணக்குப் பார்த்திருந்தால் இதைப் போலப் பல மடங்கு வந்திருக்கும். கேட்கவில்லை. மொத்தம் 128 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. வரைபடத்தைவிட உலோகத்தை நம்பியவர். மனதில் இருப்பதை நேராக இரும்பில் வெட்டிப் பார்ப்பார்.

1926 நவம்பர் 26. லியேழில் எஃப்.என். தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது நெஞ்சு வலி வந்தது. மகன் வால் பிரவுனிங்கின் அலுவலக அறையில் படுக்க வைத்தார்கள். அங்கேயே இறந்தார். வயது 71. உடல் ஆக்டனுக்குக் கொண்டுபோகப்பட்டது.

அப்போது அவர் செய்துகொண்டிருந்தது ஒரு 9 மி.மீ. பிஸ்டல். அந்தத் தோட்டா அவருடையது அல்ல. ஜெர்மனியின் கியார்க் லூகர் வடிவமைத்தது. எஃப்.என்.னில் இருந்த டியூடோனே சேவ் அந்த வேலையைத் தொடர்ந்து 1935-ல் முடித்தார். ஹை-பவர் என்று பெயர். மேகஸினில் 13 தோட்டா. கொல்கத்தா அருகே இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை அதை ஒட்டிச் செய்ததுதான் இந்திய ராணுவமும் போலீசும் பல பத்தாண்டுகளாக இடுப்பில் வைத்திருக்கும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல்.

ஒரே மனிதரின் கைவேலையில் ஒன்று போலீசுக்கு, ஒன்று பொதுமக்களுக்கு என்று இந்தியாவில் பிரிந்து நிற்கிறது.

அப்போ இங்கே எதைத் தேர்வு செய்வது?

உண்மையில் தேர்வு பெரும்பாலும் சட்டத்தின் கையில்தான் இருக்கிறது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா பொதுமக்களிடம் போகக் கூடாது என்பது பிரிட்டிஷ் காலத்துக் கவலை. 1959 ஆயுதச் சட்டமும் அதே கோட்டில்தான் தடை செய்யப்பட்ட ரகங்களைப் பிரித்தது. அதனால் 9 மி.மீ. வெளியே, .32 உள்ளே. தற்காப்புக்கு எது நல்லது என்று யாரும் ஆராய்ந்து போட்ட பட்டியல் அல்ல இது.

- ரிவால்வர்: கான்பூர் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்கிறது. பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தி 2014-ல் வந்த 'நிர்பீக்', சுமார் 500 கிராம் எடை, அறிமுக விலை 1.22 லட்சம் ரூபாய். அதுவும் .32தான்.
- பிஸ்டல்: அரசுத் தொழிற்சாலைகளின் .32 பிஸ்டல், பிரவுனிங்கின் 7.65 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்துகிறது.
- கவனிக்க: இரண்டும் .32 என்றாலும் தோட்டா ஒன்றல்ல. ரிவால்வர் தோட்டா நீளமானது, விளிம்பு உள்ளது, பிரவுனிங்குக்குச் சம்பந்தம் இல்லாதது. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போடக் கூடாது.
- பழைய தோட்டா: வருடக் கணக்கில் மேசை அறையில் கிடப்பதை நம்ப முடியாது. உரிமத்தில் எத்தனை தோட்டா வாங்கலாம் என்ற வரம்பும் இருக்கும். அதற்குள்தான் பயிற்சிக்கும் கணக்கு.
- எண்ணிக்கை: 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும்.

வாங்கிய பிறகும் வேலை முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டு, சாவி, தனித்தனியே தோட்டா என்று தினசரிக் கவனம் தேவை. பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் துப்பாக்கி, தெருமுனையில் திடீரென்று கத்தியோடு வருகிறவன் முன்னால் உதவாது என்பதும் கசப்பான உண்மை.

சுட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால், தற்காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்ய அந்த உரிமை இல்லை. போலீசை அழைக்க நேரம் இருந்ததா, அச்சத்துக்கு நியாயம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். குண்டு .22-ஆ .32-ஆ என்பது அந்த நியாயத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

எம்.கே.பி. நகர் கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்தக் காலிபர் என்பது இல்லை. பணத்தை இரவில் கையில் எடுத்துப்போகாமல் இருக்க வழி இருக்கிறதா, வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்க நேரமும் இடமும் இருக்கிறதா, வீட்டில் அதைப் பத்திரமாக வைக்க முடியுமா என்பவைதான் அவை. இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு, கையில் ஒழுங்காக நிற்கிற .32 எதுவானாலும் போதும். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், .45 கொடுத்தாலும் பிரயோஜனமில்லை.

பிரவுனிங் ஒரு பையளவு எந்திரம் தாங்கும் அளவைக் கணக்குப் போட்டார். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான். அந்த எண்ணுக்குள் பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையை அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் சேர்த்தார்கள்.